சத்தமும் சங்கதியும்

குறை சொல்கிறவர்களை நமக்கு ஏன் பிடிப்பதில்லை? அவர்கள் சொல்வது பொய் என்பதாலா? அல்லது அது காதுக்கு நாராசமாக இருக்கிறது என்பதாலா? இந்தக் கேள்வியை நான் என் நாவல்களில் பல பாத்திரங்களின் வாயில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆனால் அது என்னை நோக்கியே கேட்கப்பட்டது ஒரு பழைய காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், வேட்டியில் கிரீஸ் படக் குந்தி உட்கார்ந்திருந்தபோதுதான்.

காரைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பதினோரு வருடங்கள் வைத்திருந்த சின்னக் கார். விலை பேசும்போது அவரே சொன்னார்: "பிரேக் பிடிச்சா முன்னாடி கிறீச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்க. என்னன்னு பாத்துக்குங்க." அந்த நேர்மையை நான் பாராட்டியிருக்க வேண்டும். நானோ அதையே சாக்காக வைத்து ஐயாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். உண்மை பேசியதற்கு அந்த மனிதர் கட்டிய அபராதம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

சத்தம் சாதாரணச் சத்தமல்ல. சிக்னலில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டுப் பார்ப்பார். "தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடுகிறது, கதவைத் திறந்து வைக்கச் சௌகரியம்" என்றாள் என் மனைவி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தி, "இந்தச் சத்தம் வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன். அங்கிருந்த இளைஞன் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்தான். இருநூறு ரூபாய். சத்தம் நின்றது. உலகத்தில் இவ்வளவு சுலபமாகத் தீரும் தொல்லைகளும் இருக்கின்றனவே என்று மகிழ்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவையும் அவளுடைய பேரக் குழந்தைகள் இருவரையும் குன்னூருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர், "மலைக்குப் போறீங்க, பிரேக்கைக் கழட்டிப் பாக்காமப் போகாதீங்க" என்று சொல்லி, தமக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினார். அவர் சக்கரத்தைக் கழற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்க வந்து பாருங்க சார்" என்றார்.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது, அதுதான் டிஸ்க். மிதியை அழுத்தினால் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு பேடுகள் வந்து அதை இறுகப் பிடிக்கும். புதிய பேடில் பிடிக்கிற பொருள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஆனால் சக்கரத்துக்குள் தலையை விட்டுத் தினமும் யார் பார்க்கிறார்கள்? அதற்காகப் பேடின் ஓரத்தில் ஒரு சின்ன எஃகுத் தகட்டை வைத்திருக்கிறார்கள். பேட் கனமாக இருக்கும் வரை அது சும்மா இருக்கும். ஆபத்தான அளவுக்குத் தேய்ந்ததும் அதன் நுனி டிஸ்கில் உரசிக் கிறீச்சிடும்.

"இந்தத் தகட்டுக்கு வேற வேலையே கிடையாதுங்க சார். கத்தறது ஒண்ணுதான் அதுக்கு வேலை" என்றார் பெரியவர்.

அந்தத் தகடு குறட்டால் வெளிப்பக்கமாக மடக்கப்பட்டிருந்தது. மற்றச் சக்கரத்திலும் அப்படியே. பேடில் மிஞ்சியிருந்தது ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதுவும் தேய்ந்துவிட்டால் பின்னாலிருக்கும் இரும்பே டிஸ்கை அரைக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற பாதையில் அந்த இடம் எதுவாக இருந்திருக்கும்? ஒரு கொண்டை ஊசி வளைவா? பின் இருக்கையில் குழந்தைகள் இருவரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கோபத்தோடு முதல் பட்டறைக்குப் போனேன். அந்த இளைஞன் பயப்படவில்லை. "பேட் மாத்தணும் சார், மாத்திடலாமான்னு கேட்டேனே? அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், இப்போ சத்தத்தை நிறுத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

கேட்டிருந்தான். நினைவுக்கு வந்தது. காதில் விழுந்தும் மனத்தில் விழாத கேள்வி அது.

அவன்மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்து அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒரு முறை சொல்லிவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். கேட்காவிட்டால், 'இந்த வேலை என்னால் ஆகாது' என்று வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவன் விற்ற மௌனத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். பாவத்தில் அவனுக்கு ஒரு பங்கு என்றால் எனக்கு இரண்டு பங்கு. உண்மை சொன்ன ஆசிரியருக்கு ஐயாயிரம் அபராதம் போட்டுவிட்டு, உண்மையின் வாயைக் கட்டியவனுக்கு இருநூறு கூலி கொடுத்தேன்!

இந்தச் சத்தத்தின் கதை பழைய கதைதான். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசி அது வீறிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னோர் ஆங்கிலேயர் கல்நார் கலந்த பட்டையைப் பொருத்தினார். வீறிடல் அடங்கியது. பல பத்தாண்டுகள் உலகத்து வண்டிகள் கல்நாரால் நின்றன. அதன் தூசி நுரையீரலில் புகுந்து புற்றுநோயைக்கூட உண்டாக்குகிறது என்பது உறுதியாகி, 1999-இல்தான் பிரிட்டனில் அதை முழுவதுமாகத் தடை செய்தார்கள். அந்த மனிதரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காதுக்குக் கிடைத்த அமைதிக்குப் பட்டறைத் தொழிலாளியின் மூச்சு விலையாகப் போயிற்று என்பதைத்தான் சொல்கிறேன். அமைதி இனாமாகக் கிடைப்பதில்லை. அதற்கு விலை கொடுப்பது யார் என்று கேட்பதுதான் ஒழுக்கம்.

'அப்படியானால் கத்துகிறவர்கள் எல்லாரும் சத்தியவான்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதையும் அந்தப் பெரியவரே சொல்லிக் கொடுத்தார். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் சத்தம் போய்விடும். தூசி அடைந்தாலும் கத்தும். அதிகமாகச் சூடேறிப் பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டாலும் கத்தும். பேடுக்குப் பின்னால் தடவ வேண்டிய கிரீஸ் காய்ந்துபோனாலும் அதிர்ந்து கத்தும். அந்தக் கிரீஸ் முன்பக்கத்தில் பட்டுவிட்டாலோ, சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்! ஆகவே வெறும் சத்தமும் உண்டு, சங்கதியுள்ள சத்தமும் உண்டு. எது எது என்று காதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான், 'இது வெறும் சத்தம்' என்று சொல்கிற உரிமை நமக்கு வருகிறது. நாமோ கழற்றாமலே தீர்ப்புச் சொல்கிறோம்.

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில் அரசனுக்குச் சொன்ன எச்சரிக்கையை நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். அது அரசர்கள் சமாசாரம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. என் முதல் நான்கு நாவல்களையும் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தவர். படித்துவிட்டுப் புகழமாட்டார். "இந்த அத்தியாயம் மெலிந்து கிடக்கிறது", "இவள் இப்படிப் பேசமாட்டாள், நீதான் பேசுகிறாய்" என்பார். ஐந்தாவது நாவல் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. பிரதியை அவருக்கு அனுப்பவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. மெதுவாக, அவர் மனம் நோகாதபடி, அந்தத் தகட்டை மடக்கிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த புத்தகங்கள் சத்தமில்லாமல் ஓடின. விற்கவும் செய்தன. அவற்றில் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

புதுப் பேடுகளை மாட்டிக்கொண்டு குன்னூருக்குப் போய்வந்தோம். இறங்கும்போது குழந்தைகள் பாடத்தான் செய்தார்கள். பிரேக் ஒலி எழுப்பவில்லை. அதன் மௌனம் இந்த முறை யோக்கியமான மௌனம்.

ஊர் திரும்பிய மறுநாள், மேஜைமேல் கிடந்த புதிய நாவலின் பிரதியை நண்பருக்கு அனுப்பினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரி. அதற்குக் கீழே: "முதல் மூன்று அத்தியாயங்களும் வேண்டாம். கதை நான்காவதில்தான் தொடங்குகிறது."

படித்ததும் சுருக்கென்றுதான் இருந்தது. அன்று இரவு அந்த மூன்று அத்தியாயங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.