காயப்பட்ட தொழிலாளி: விதியா, நம் பொறுப்பா?



இன்று ஒரு மஸ்அலாவைப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் துறைமுக வேலையில் வலது கைக் கட்டைவிரலை இழந்தார். கப்பலிலிருந்து மரத்தடி இறக்கும் வேலை. கம்பிவடத்தை மரத்தில் சுற்றிக் கொக்கியில் மாட்டினார். கையை எடுப்பதற்குள் கிரேன் இழுத்துவிட்டது. வடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 40. மாதம் 15,000 ரூபாய் சம்பளம்.

அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரி செலவைப் பார்த்தார். அதை மறுக்கவில்லை. பிறகு 25,000 ரூபாயைக் கையில் கொடுத்து, முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டதாகவும் இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்றும் எழுதி வாங்கிக்கொண்டார். அந்தச் சகோதரர் இடது கட்டைவிரலால் ரேகை வைத்தார். சாட்சிக் கையெழுத்து போட்ட இரண்டு பேரில் நான் ஒருவன். "அல்லாஹ்வின் நாட்டம், ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லி துஆ ஓதியவனும் நான்தான். அடுத்த ஜும்ஆவில் அவருக்காகத் துண்டு ஏந்தி வசூல் செய்தோம். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

எட்டு மாதம் கழித்து அஸருக்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், வசூல் வேணாம். எனக்கு ஒரு வேலை வாங்கித் தாங்க. வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியல. வாப்பாவுக்கு என்ன வேலைன்னு ஸ்கூல்ல கேட்டா புள்ளைங்க என்ன சொல்லும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு கிதாபுகளை எடுத்து உட்கார்ந்தேன். மறுநாள் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் எனக்குக் கிடைத்தது ஒரே பதில்தான். நான் ஸப்ரைச் சொன்னது சரி. ஆனால் அதை ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டு, மற்றவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விதி யாருக்கு ஆறுதல்?

சகோதரர்களே! நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கத்ரின்படியே நடக்கின்றன என்பது நம் ஈமானின் ஒரு பகுதி. அந்த விரல் போனதும் கத்ருதான். இதில் சந்தேகம் கிடையாது. ஆனால் கத்ரில் உள்ளது என்பதால் யாருடைய ஹக்கும் அழிந்துவிடுமா?

தவறுதலாக ஒரு உயிரைக் கொன்றுவிட்டவரின் சட்டத்தை ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் சொல்கிறான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுவும் கத்ருதான். இருந்தும் பரிகாரமும் கொடுக்க வேண்டும், இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் என்ற ஈட்டுத்தொகையும் கொடுக்க வேண்டும் என்று அல்லாஹ் விதிக்கிறான். கத்ரை எழுதிய அதே ரப்புதான் இந்த ஈட்டையும் எழுதியிருக்கிறான். அப்படியிருக்க, "விதி, என்ன செய்ய?" என்று ஒரு முதலாளி சொல்லி நகர்ந்துவிடலாம் என்பதற்கு மார்க்கத்தில் இடம் எங்கே இருக்கிறது?

விதி என்பது காயப்பட்டவருக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். கொடுக்க வேண்டியவருக்கு அது சாக்கு ஆகாது.

விரல்களுக்குக்கூட நம் ஷரீஅத்தில் கணக்கு உண்டு. ஒரு உயிருக்கு நூறு ஒட்டகம் என்றால் ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இதில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் நாட்டுச் சட்டம் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, சுண்டுவிரல் முழுதும் போனால் 7. ஒன்று உடலின் கண்ணியத்தைப் பார்க்கிறது. மற்றொன்று பிழைப்பைப் பார்க்கிறது. ஆனால் தொழிலாளியின் விரல் இலவசம் என்று இரண்டுமே சொல்லவில்லை.

சுரங்க ஹதீஸ்

ஓதிப் படித்த சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். சுரங்கத்தில் ஏற்படும் இழப்புக்கும் கிணற்றில் ஏற்படும் இழப்புக்கும் ஈடு இல்லை என்று புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வருகிறதே? கூலிக்குச் சுரங்கம் தோண்டியவர் மீது மண் சரிந்தால், தோண்டச் சொன்னவர் மீது தியத் கடமையில்லை என்றுதானே இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. இதை மறைக்கக் கூடாது. இமாம்கள் அந்த விளக்கத்தைச் சொன்னது, தோண்டச் சொன்னவரிடம் வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாத நிலைக்கு. தேய்ந்த வடத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கிரேன் ஓட்டுபவருக்கு சைகை காட்ட ஆளே போடாமல் வேலை வாங்கினால், அந்த நிலை மாறிவிடுகிறது. பிறர் நஷ்டத்துக்குக் காரணமானவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹில் தெரிந்த விஷயம்.

முதலாளி மீது ஒரு தவறும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், வாய்விட்டுப் பேசிய நிபந்தனை போன்றது என்பது ஃபுகஹாக்களின் விதி. இந்த நாட்டில் 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதன் சாரம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது தெரிந்தே நாம் ஆள் எடுக்கிறோம். அப்படியானால் வேலைக்குச் சேர்த்த அன்றே அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டுவிட்டோம். லாபம் யாருக்கோ பாரமும் அவருக்கே என்ற ஃபிக்ஹ் விதியும் இதையே காட்டுகிறது. கப்பல் இறங்கிய லாபம் ஒருவருக்கு, போன விரல் மட்டும் இன்னொருவருக்கு என்பது எந்தத் தராசில் சரியாக நிற்கும்?

நான் கையெழுத்துப் போட்ட காகிதம்

வக்கீல் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். 40 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530. அதில் கட்டைவிரலுக்கு உரிய 30 சதவீதம் 4,97,259 ரூபாய். நாங்கள் துஆ ஓதி முடித்துவைத்தது 25,000 ரூபாய்க்கு.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் காகிதம் சட்டப்படி செல்லாது. அதாவது நான் சாட்சியாக நின்றது செல்லாத ஒன்றுக்கு. "கையுறை போடாதது அவன் தப்பு" என்றால், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். சாதாரணக் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. "அவன் காண்ட்ராக்ட் ஆள், எங்கள் ஆள் இல்லை" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. தன் தொழிலின் வேலையைக் காண்ட்ராக்டில் விட்ட நிறுவனமும் பொறுப்பு. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ள இடமென்றால் வழி வேறு. அங்கே வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். அந்த உதவித்தொகை பெறும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவும் முடியாது.

இன்னொரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காயப்பட்ட தன் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டை ஜகாத் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஜகாத் ஆகாது. ஒருவர் மீதுள்ள கடனை அவருடைய ஜகாத்தால் தீர்க்க முடியாது. அல்லாஹ்வின் ஹக்கும் பாக்கி நிற்கும், அடியானின் ஹக்கும் பாக்கி நிற்கும். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருக்கிறான். விரலையே வாங்கிக்கொண்டவர் எவ்வளவு பயப்பட வேண்டும்!

ஊர் வசூலும் இப்படித்தான். ஸதகா பெரிய நன்மை. ஆனால் ஹக் கிடைக்க வேண்டிய இடத்தில் ஸதகாவை வைத்து மூடினால், ஏழைகளின் பத்து ரூபாய்களால் பணக்காரர் ஒருவரின் கடனை நாம் அடைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். அன்று துண்டு ஏந்தி நான் செய்தது அதைத்தான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பணம் மட்டும் போதுமா?

அந்தச் சகோதரர் என்னிடம் ஐந்து லட்சம் கேட்கவில்லை. அவருக்கு அந்தக் கணக்கே தெரியாது. அவர் கேட்டது வேலை.

யாசகம் கேட்டு வந்த ஒரு அன்ஸாரித் தோழரின் சம்பவம் அபூதாவூதில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அவர் வீட்டில் இருந்த ஒரு துணியையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லி இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு, மற்றொரு திர்ஹத்துக்குக் கோடாலி. அந்தக் கோடாலிக்குத் தங்கள் திருக்கரத்தாலேயே காம்பு போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாக ஆக்கினார்கள். தாங்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். ஒருவரிடம் இல்லாததை அவர்கள் எண்ணவில்லை. இருப்பதைப் பார்த்தார்கள், அதற்கேற்ற இடத்தைத் தேடிக் கொடுத்தார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு நிறுவன ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. பதவியையும் குறைக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் காண்ட்ராக்டரை இந்த விதி கட்டுப்படுத்தாது. சட்டம் நிற்கிற அந்த இடத்தில்தான் தக்வா தொடங்க வேண்டும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் யாசகம் கேட்டு நின்ற ஒரு முதிய யூதரைக் கண்டார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று சொல்லி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு ஏற்பாடு செய்ததை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் பதிவு செய்கிறார்கள். பத்து வருடம் ஒருவருடைய தோளில் சரக்கு இறக்கியவர், விரல் போன மறுநாள் "இவனை வைத்து என்ன செய்ய?" என்று கேட்டால் உமர் (ரலி) அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

தொழிலாளிச் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உடல் தேறிய பிறகும் தேறவில்லை என்று சொல்லி வாங்கும் பணம் ஹராம். தலைக்கவசத்தைக் கழற்றி வைப்பது வீரமல்ல. உங்கள் உடல் உங்களிடம் உள்ள அமானிதம். அடிபட்டால் அன்றே மேஸ்திரிக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டு ரேகை வைக்காதீர்கள்.

கயிறு

நம் கடற்கரை முத்துக்குளித்த கரை. 1961க்குப் பின் அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை வரை நம் முன்னோர்களும் பரதவச் சகோதரர்களும் மூச்சடக்கி மூழ்கிய கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. மூழ்குபவர் கல்லோடு கீழே போவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தன் சகோதரியின் வாழ்க்கை அதில் தொங்குவதால் அவன் விடமாட்டானாம். கீழே இருப்பவர் இழுத்தால் மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். சிப்பி எத்தனை வந்தது என்று பார்த்துவிட்டுத் தூக்குவோம் என்று அவர் நிற்பதில்லை.

ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவர் கையிலும் அந்தக் கயிறு இருக்கிறது. சிப்பிக்கூடையை மட்டும் இழுத்துக்கொண்டு ஆளைக் கடலில் விட்டவரைத் தோணிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சகோதரரின் மனுவை இரண்டு வருடம் முடியுமுன் கொடுத்துவிட்டோம். வழக்கு நடக்கிறது. அந்தக் காகிதத்தில் போட்ட கையெழுத்து தவறு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் ஜமாஅத்தில் ஒருவர் தம்முடைய குடோனில் அவருக்கு டாலி எழுதும் வேலை கொடுத்திருக்கிறார். பேனாவை நடுவிரல்களுக்கு இடையில் பிடித்து எழுதப் பழகிவிட்டார். அந்தக் காண்ட்ராக்டரும் நம்மோடு ஸஃப்பில் நிற்பவர்தான். அவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அவருடைய மறுமைக்காகவும் என்னுடைய மறுமைக்காகவும் சொல்கிறேன். கோர்ட்டு சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடனைத் தீர்க்க இன்றைக்கே வழி திறந்திருக்கிறது.

யா அல்லாஹ்! பிறர் உழைப்பில் எங்கள் மீதுள்ள ஹக்கை உயிரோடு இருக்கும்போதே நிறைவேற்றும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. காயப்பட்டவர்களுக்கு ஷிஃபாவையும் ஹலாலான வேலையையும் தருவாயாக. எங்கள் கையில் உள்ள கயிற்றை நழுவவிடாமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.