கோடாலிப் பிள்ளையார்

‘உங்களுக்குத் தெரியாத வரலாற்று அதிசயங்கள்’ என்று யாராவது தலைப்புப் போட்டால் போதும், என் கட்டைவிரல் போன் திரையில் அப்படியே நின்றுவிடும். 1932ல் ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலை மேய்ந்த ஈமு பறவைகளைச் சுட, ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு போய், முடியாமல் திரும்பியது. 1919ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய தொட்டி வெடித்து, வெல்லப்பாகு தெருவில் வெள்ளமாக ஓடி, 21 பேர் செத்தார்கள். இரண்டும் நடந்தவைதான். படித்ததும் “அட!” என்போம், நாலு பேருக்கு அனுப்புவோம். சாயங்காலம் அதைப் பற்றிக் கேட்டால் பாதி மறந்திருக்கும்.

வியப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா? வியக்க வைத்த ஒன்றுக்கு நாம் ஏதாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறோமா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியவை சேர்வராயன் மலையின் கற்கள்.

சேலத்திலிருந்து இந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு அடிவாரம் என்பது சோதனைச் சாவடியும் டீக்கடையும்தான். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏரியையும் பகோடா பாயிண்டையும் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். சாலையை விட்டு விலகினால் மலையாளி மக்களின் சிற்றூர்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்பதால் மலையாளிகள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், பேசுவதும் தமிழ்தான். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது மலைப் பகுதிகளில் சில ஊர்களில், மரத்தடியில் வரிசையாக நட்டு வைத்திருக்கும் வழவழப்பான கற்களுக்குப் பூசை நடக்கிறது. பிள்ளையார் என்றுதான் கும்பிடுகிறார்கள்.

அந்தக் கல்லைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கறுத்த கல். ஒரு முனை கூம்பி, மறு முனை அகன்று, அகன்ற பக்கம் இரண்டு பக்கமும் சரிந்து கத்தி விளிம்பாக முடியும். அகன்ற பக்கத்தை மண்ணில் ஊன்றி, கூம்பிய முனை மேலே வர நிறுத்தி, எண்ணெய் தடவி மஞ்சளும் குங்குமமும் வைத்தால், மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையாருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. மண்ணுக்குள் போயிருக்கும் அந்த விளிம்புதான் அதன் பூர்வீகத்தைச் சொல்லும். அது கோடாலி. இரும்பு வருவதற்கு முன், மூவாயிரம் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவர்கள் செய்தது. பாறையை உடைத்து, உருவம் வரக் கொத்தி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, விளிம்புக்கு மெருகேற்றியிருக்கிறார்கள்.

மலைக்காரர்களுக்கு அது தெரியவில்லையே என்று சிரிக்க யாருக்கும் உரிமையில்லை. உலகமே அப்படித்தான் இருந்தது. ஐரோப்பா முழுக்க இந்தக் கற்களை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பினார்கள். இடி விழாமல் இருக்க வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்கள். வாட்டிகன் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்த மிக்கேலே மெர்காத்தி, இவை மனிதக் கை செய்தவை என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்தப் புத்தகம் அச்சேறியது 1717ல், அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்து. 1797ல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்ற ஊரில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி ஜான் ஃப்ரியர் எழுதிய கடிதத்தை அறுபது ஆண்டுகள் யாரும் சட்டை செய்யவில்லை. 1859ல்தான், பிரான்சின் அபெவில் பகுதியில் கிடைத்த கருவிகளை நேரில் பார்த்த ஆங்கில அறிஞர்கள், மனிதன் நினைத்ததைவிட மிகப் பழையவன் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்தது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். வயது 28. கொத்திச் செதுக்கிய கைக்கோடாலி அது. சேர்வராயன் மலையின் மெருகேற்றிய கோடாலிகளைவிட மிக மிகப் பழைய வகை. எத்தனையோ கூலியாட்கள் அதே சரளையை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அபெவில் கதையைக் கேட்டு வைத்திருந்ததால்தான் ஃபூட்டின் கண்ணுக்கு அது கருவியாகத் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்குள்ள பழைய அடுக்குக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினார்கள்.

ஃபூட்டுக்கும் ஏற்காட்டுக்கும் உறவு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1882ல் ஏற்காட்டில் காலமானார். ஃபூட்டும் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு தன் கற்களை வரிசைப்படுத்தினார். சேர்வராயன் மலையில் கிடைத்த கோடாலிகளும் அவற்றில் உண்டு. 1904ல் அந்தச் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912ல் அவர் மறைந்த பிறகு பட்டியல் இரண்டு தொகுதிகளாக அச்சானது.

இங்கேதான் என் கேள்வி வந்து நிற்கிறது. ஒரே வகைக் கல். ஒன்று மரத்தடியில், இன்னொன்று எழும்பூர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில். எதை நன்றாகக் காப்பாற்றினார்கள்?

ஃபூட் ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கல் வாய் திறக்காது. மரத்தடிக் கல்லுக்கு அந்தக் குறிப்பு கிடையாது. எந்தக் கொல்லையில் ஏர் முனையில் தட்டுப்பட்டது என்பது, அதைக் கொண்டு வந்து வைத்தவரோடு போய்விட்டது. ஆனால் அந்தக் கல்லை யாரும் மிதிப்பதில்லை, விற்பதில்லை. பாட்டி வைத்த பொட்டைப் பேத்தி வைக்கிறாள். வயது தெரியாமலே மரியாதை கொடுத்த காவல் அது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் தடுமாறுவேன். ஆனால் ஒன்று பொது: இரண்டு தரப்பும் கல்லைப் பார்த்த பிறகு சும்மா போகவில்லை. ஒருவர் எழுதினார், இன்னொருவர் விளக்கேற்றினார். நம் போன்களில் ஓடும் அதிசயங்களுக்கு நாம் இரண்டும் செய்வதில்லை.

பெரிய பெரிய எண்களுக்கு முன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 15 லட்சம் ஆண்டு என் மனசில் நிற்காது என்பது நிஜம். ஆனால் கல்லைக் கல்லால் தேய்க்கிற வேலை நேற்று வரை நம் அடுக்களையில் இருந்ததே! தேய்ந்து வழவழத்துப் போன அம்மியில் மிளகாய் மசியாது. “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் குரல் கேட்டால் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். கற்காலத்துக் கோடாலிக்காரர் உருவம் வர வைத்ததும் இதே மாதிரிக் கொத்தித்தான். இப்போது மிக்சி வந்து, அம்மிகள் குப்பை மேட்டில் கிடக்கின்றன. கொஞ்சம் அதிர்ஷ்டம் உள்ளவை விடுதிகளின் தோட்டத்தில் அலங்காரமாகிவிட்டன.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் அம்மியைப் பற்றி அத்தையிடம் கேட்டேன்.

“எதுக்குடா இப்ப அதப் போயி கேக்கற?”

“எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியணும் அத்தை.”

“உங்க பாட்டி கல்யாணத்துக்கு வாங்குனது. இதுலதான் அவ மிதிச்சா. சேலத்துல இருந்து மாட்டு வண்டில வந்துச்சாம். கொத்தறவரு தை மாசம் வருவாரு, காசு வாங்க மாட்டாரு, ஒரு படி நெல்லு.”

அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கொத்தியவர் பேர் அவருக்கு நினைவில்லை. நான் அதை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்தேன். ஃபூட் செய்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனாலும் பாட்டியின் கால் பட்ட கல்லுக்கு ஊரும் வண்டியும் கூலி நெல்லும் எழுத்தில் வந்துவிட்டன. என் மகள் நாளைக்கு அதை வெறும் கல் என்று எடுத்துப்போட முடியாது. வீட்டுக்கு வீடு இப்படி எழுதி வைக்க வேண்டிய கல் ஒன்றாவது இருக்கும். கதை சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.