படிக்கும் பிள்ளையின் கைக்கூலி

கல்லூரிப் பிள்ளை வேலையும் பார்த்தால் படிப்புக் கெட்டுவிடாதா என்கிறோம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் சகோதரர்களுக்கு இது வெறும் வாதமன்று. கட்டணத்துக்கு வழியில்லாத மாணவர்முன் அங்கே நீட்டப்படுவது பெரும்பாலும் வட்டிக் கடன். நாம் எதைவிட்டு ஓடவேண்டுமோ, அதுவே!

1964-ம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டரசு ஏற்படுத்திய படிப்போடு வேலைத் திட்டம் கடனன்று; கூலி. நூலகத்திலோ அலுவலகத்திலோ சில மணி நேரம் உழைத்தால், மணிக்கு 7.25 டாலருக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். முழுக் கட்டணமும் இதனால் அடையாது என்பது மெய்தான். ஆனால் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவுக்காவது வட்டிக் கடன் குறையுமே! (இங்கிருந்து மாணவர் விசாவில் செல்வோருக்கு இத்திட்டமில்லை, பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி வரை கல்லூரிக்குள்ளேயே வேறு வேலை பார்க்கலாம்.)

மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். புத்தகம் அடுக்குவதில் நமக்கென்ன இழிவு?

வேலை நேரத்தைப் பேசும்போதே ஜும்ஆவுக்கு இடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பரீட்சை நெருங்கினால் மணிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஆள் வராத வேளையில் மேஜையிலிருந்தே பாடம் படிக்க மேலாளர் அனுமதித்தால் படிக்கலாம், அது அவர் விருப்பம். போகாத மணியைப் போனதாக எழுதிக் கையொப்பமிடுவது வேறு. அப்படி வாங்கிய காசு ஹலாலாகாது. எழுதிவிட்ட பிள்ளை, உரியவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.