கையெழுத்து மட்டும் போடாதே, கேள்வி கேள்!

"நான் ஒருத்தன் பேசி என்ன ஆகப்போகுது?"

திருச்சுழிப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? டீக்கடை பெஞ்சில் இதுதான். ரேஷன் கடை வரிசையில் இதுதான். பருத்திக்காட்டு வரப்பிலும் இதேதான்!

நிறுத்து! இன்றோடு நிறுத்து!

ஊர்க் கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பார்க்கிறாய். வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. பார்க்கிறாய். குழாயில் தண்ணீர் வரவில்லை. காலிக் குடத்தோடு நிற்கிறாய். பிறகு என்ன செய்கிறாய்? அரசாங்கத்தைத் திட்டுகிறாய். வீட்டுக்குப் போகிறாய்.

திட்டினால் கண்மாய் நிறையுமா? கேள்! எழுதிக் கேள்! எழுந்து நின்று கேள்! பதில் வரும்வரை கேள்!

"எங்கே போய்க் கேட்க?" என்கிறாயா?

உன் ஊரிலேயே கேள்! அதற்காகத்தான் கிராம சபை!

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. உன் ஊர்க் கணக்கை நீயே கேட்கும் உரிமை உன் கைக்கு வந்தது. நீ அதை எத்தனை முறை எடுத்தாய்?

சட்டமன்றத்துக்குள் போக நீ தேர்தலில் ஜெயிக்க வேண்டும். கிராம சபைக்குள் போக? ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருந்தால் போதும். நீ உறுப்பினர்! யாரும் உன்னை நியமிக்க வேண்டாம். யாரும் உன்னை நீக்கவும் முடியாது!

2025 ஜனவரியில் விருதுநகர் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் பதவி காலியானது. உன் இடம் காலியானதா? இல்லையே! கிராம சபைக்கு ஆயுள் முடிவதில்லை.

ஜனவரி 26. மார்ச் 22. மே 1. ஆகஸ்ட் 15. அக்டோபர் 2. நவம்பர் 1. ஆண்டுக்கு 6 நாள் உன்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த 6 நாளும் நீ எங்கே இருந்தாய்?

போனாயா? போய் என்ன செய்தாய்? நோட்டில் கையெழுத்துப் போட்டாய். என்ன தீர்மானம் என்று படித்தாயா? படிக்காமல் போட்ட கையெழுத்து யாருக்கு உதவும்? உனக்கா?

"நான் யார், கேட்பதற்கு?" என்று அடுத்து ஆரம்பிப்பாய்.

இதே திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு பையன் "நான் யார்?" என்ற கேள்வியை விடவே இல்லை. 16 வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். ரமண மகரிஷி ஆனான். அவர் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, அதே கேள்வியை நீ ஒளிந்துகொள்ளவா எடுக்கிறாய்?

"படிக்காதவன், எனக்குச் சட்டம் தெரியாது" என்கிறாயா? அயர்லாந்தைப் பார்!

கருக்கலைப்பைத் தடுக்கும் திருத்தத்தை 1983இல் அந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2012இல் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர். 31 வயது. கரு பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். மறுத்தார்கள். நோய்த்தொற்று பரவி உயிர் போனது.

மக்கள் வீதிக்கு வந்தார்கள். அரசியல்வாதிகள் தொடத் தயங்கிய அந்தக் கேள்வி 2016இல் யார் கைக்குப் போனது தெரியுமா? குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 99 பொதுமக்கள் கைக்கு!

வார இறுதிகளில் கூடினார்கள். மருத்துவர்களைக் கேட்டார்கள். சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டார்கள். இரண்டு தரப்பையும் கேட்டார்கள். தடையை மாற்றுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். 2018 மே 25 அன்று நாடு வாக்களித்தது. 66.4 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 35 ஆண்டுத் தடை விழுந்தது!

அந்த 99 பேருக்கும் முதல் நாளே எல்லாம் தெரிந்திருந்ததா? உட்கார்ந்தார்கள். கேட்டார்கள். தெரிந்துகொண்டார்கள். உன்னால் முடியாதா?

குலுக்கிப் போட்டு ஆள் எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டிலேயே குடவோலையைப் பேசுகிறது. ஆனால் அன்று நிலம் உள்ளவருக்குத்தான் அதில் இடம். இன்று காணி நிலம் இல்லாத கூலிக்காரருக்கும் கிராம சபையில் இடம் உண்டு. ஆயிரம் ஆண்டு காத்திருந்து வந்த இடம்! அதையா காலியாக விடுகிறாய்?

"பயமா இருக்கு. நமக்கெதுக்கு வம்பு?"

பயப்படாதே என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் 5 பேர். அவர் செய்த குற்றம் என்ன? தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் தலைவர் ஆனதுதான்!

மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைக் கேள்விப்பட்டிருப்பாய். நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலைத் தெரியுமா? நாலு ஊராட்சியிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது சட்டம். உட்கார விடவில்லை ஊர். 10 ஆண்டுகள்!

பிறகு? 2006இல் தேர்தல் நடந்தது. தலைவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள்!

2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் கிராம சபை கூடியது. முதலமைச்சரே வந்து மக்களோடு உட்கார்ந்தார். தலைவரையே உட்கார விடாமல் இருந்த ஊரில் கிராம சபை! யாரால் வந்தது இது? பயந்தும் வேட்புமனுப் போட்டவர்களால் வந்தது!

அவர்களுக்குப் பயம் இல்லையா? இருந்தது. கை நடுங்கியிருக்கும். நடுங்கிய கையால்தான் மனுவைக் கொடுத்தார்கள். உன்னிடம் கேட்பது உயிரையா? ஒரு கேள்வியைத்தான்! தனியாகப் பயமா? 10 பேரோடு போ! காலனித் தெருவையும் கூட்டிக்கொண்டு போ! அவர்கள் வராத சபை ஊர்ச் சபையே ஆகாது!

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. நீ ஜெயிப்பாய், நாற்காலியில் உன் வீட்டுக்காரர் உட்காருவாரா? அவரை எழுப்பு! நீ உட்கார்!

"போன தடவை கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை."

ஒரு தடவை! ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஓய்ந்துவிட்டாயா?

பக்கத்தில் இருக்கும் கமுதியைக் கேள். 1897இல் அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் தடையை மீறி நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு வந்தது. மதுரையில் தோல்வி. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. அதற்கு மேல் போக இடமே இல்லை!

முடிந்ததா? முடியவில்லை! வியாபாரத்தில் ஒதுக்கும் மகமைப் பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கோர்ட்டில் தோற்றவர்கள் வகுப்பறையில் எழுந்தார்கள்!

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி அம்மன் கோயில். காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யரின் பின்னால் தாழ்த்தப்பட்ட சமூகத்தார் 5 பேரும் நாடார் ஒருவரும் உள்ளே போனார்கள். அந்த ஐவரில் ஒருவர் கக்கன். லண்டன் வரை தோற்ற உரிமை 31 ஆண்டில் வாசலைத் திறந்தது!

அந்தப் பிடியரிசிப் பள்ளியில் பாதியில் படிப்பை விட்ட காமராசர் 1954இல் முதலமைச்சர் ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதியச் சோறு போட்டார். 1957இல் கக்கன் அவருடைய அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள் கோட்டைக்குள் உட்கார்ந்தார்கள்! அவர்கள் 1908இல் ஓய்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

காவிரி வைகை குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரட்டும். வரவேற்போம். வரும் நாளில் உன் கண்மாய்க்குக் கால்வாய் திறந்திருக்குமா? மடை சரியாக இருக்குமா? கலுங்கு நிற்குமா? இதைக் கேட்கச் சென்னையிலிருந்து ஆள் வருவார்களா? நீதான் கேட்க வேண்டும்!

எப்படிக் கேட்பது? சொல்கிறேன்.

ஒரே ஒரு கோரிக்கையை எடு. பத்தை எடுக்காதே! கண்மாயா? கண்மாய் மட்டும். வெள்ளைத் தாளில் எழுது. கிராம சபையில் எழுந்து படி. தீர்மான நோட்டில் ஏற்றச் சொல். ஏறியதை உன் கண்ணால் பார். பிறகு கையெழுத்துப் போடு!

நடக்கவில்லையா? வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போ. அங்கும் நடக்கவில்லையா? திங்கட்கிழமை விருதுநகருக்கு பஸ் ஏறு. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடு. ரசீது வாங்கு!

அதற்கும் பதில் இல்லையா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய். 10 ரூபாய் உன்னிடம் இல்லையா? ஒரு டீக்காசைக் கொடுத்து ஒரு அலுவலகத்தைப் பதில் சொல்ல வைக்கலாம்!

முதல் தடவை குரல் கம்மும். கம்மட்டும்! சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! "உட்காருடா" என்பார்கள். உட்காராதே! இரண்டாம் தடவை உன் பக்கத்தில் ஒருவர் எழுவார். மூன்றாம் தடவை ஒரு தெருவே எழும்!

காலண்டரை எடு. அடுத்த கிராம சபை நாளைச் சுழித்து வை. இன்று ராத்திரியே கோரிக்கையை எழுதி முடி. அன்றைக்கு முதல் ஆளாகப் போ. முன்வரிசையில் உட்கார். உன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, கணக்கைக் கேள்!