ஸ்டெப்னி இல்லாத பிரயாணம்



முன்யோசனை என்றால் என்னவென்று ஆரணித் தறிக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாடாவில் நூல் தீருமுன்னே, ஊடை சுற்றிய தார்கள் பக்கத்தில் தயாராயிருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே முடிச்சுப் போட்டு விடுவார்கள். ஆனால் பிப்ரவரி 11-ந் தேதி லூர்து மாதா திருநாளுக்குச் சேத்துப்பட்டு போகக் காரில் ஏறும்போது, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியில் காற்று உண்டா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? “சர்வேசுரன் பார்த்துக் கொள்வார்” என்று புறப்பட்டு விடுகிறோம். இது விசுவாசமா, அசட்டையா?

மோட்டார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயரில் ஆணி ஏறினால், வழியிலேயே கழற்றி ஒட்டியாக வேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், பழுதான சக்கரத்தின்மேல் பொருத்தும் மாற்றுச் சக்கரத்தை உண்டாக்கினார். அந்தத் தெருவின் பெயரே இன்றும் நம் நாவில் வழங்குகிறது.

இப்போதோ ஸ்டெப்னி இல்லாமலே சில கார்கள் வருகின்றன. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பங்க்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு அது கட்டாயமில்லையென்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆகவே ஸ்டெப்னி இல்லாமற் போவது தானே குற்றமன்று. ஆனால் அந்தச் சாதனம் டயரின் அடிப்பாகத்தில் ஏறிய ஆணித் துளையை அடைக்குமேயன்றி, பக்கவாட்டில் கிழிந்ததை அடைக்காது. இதை அறியாமலும், சாதனத்தை ஒருநாளும் திறந்து பாராமலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் அசட்டை.

விவேகம் தலையான நான்கு புண்ணியங்களில் ஒன்று. வரப்போவதை முன்கூட்டி நோக்குவது விவேகத்தின் முக்கிய பாகம் என்று அர்ச்சிஷ்ட தோமாஸ் அக்வினாஸ் போதிக்கிறார். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு தூண்டியபோது, சேசுநாதர் மறுத்து விட்டார். சம்மனசுகள் தாங்குவார்கள் என்பதற்காகக் குதிப்பது நம்பிக்கையல்ல, தேவனைச் சோதிப்பது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஸ்டெப்னி இல்லாமல் வழியில் நிற்பவன் நாமல்ல, வேறொருவன். “அவன் அசட்டைக்கு நான் ஏன் இறங்க வேண்டும்?” என்று மனம் சொல்கிறது. நல்ல சமாரித்தனை நினைத்துப் பாருங்கள். கள்ளர் நடமாடும் ஜெரிக்கோ சாலையில் அந்த மனிதன் ஏன் தனியே போனான் என்று உவமையில் ஒருவரும் கேட்கவில்லை. காயம்பட்டவனின் புத்தியை அளந்த பிறகல்ல, காயத்தைக் கண்டவுடனே சமாரித்தன் இறங்கினான். அவனிடம் எண்ணெயும், திராட்ச இரசமும், வாகன மிருகமும், பணமும் இருந்தன என்பதையும் கவனியுங்கள். முன்யோசனையுள்ளவனாலேதான் பிறருக்கு உதவவும் முடிந்தது. விவேகம் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு. பிறனிடம் நாம் செலுத்த வேண்டியது இரக்கம்.

நம் ஸ்டெப்னி அவன் வண்டிக்குப் பொருந்தாமற் போகலாம். போல்ட் துளைகள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு, பங்க்சர் கடைவரை ஓர் இடம், ஒரு போன் இவையெல்லாம் எவருக்கும் பொருந்தும். இரவில் பெண்டு பிள்ளைகளோடு போகும்போது இறங்கத் துணிவில்லையானால் 112-க்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் தர்மமே.

நமக்கே அந்த நிலை வந்தால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாய்ப் பிடித்து, வேகம் குறைத்து, ஓரம் கட்டி, விளக்குகளை மின்ன விடுங்கள். பிள்ளைகளைச் சாலைப் பக்கமாக இறக்காதீர்கள். காற்றில்லாத டயரில் ஓட்டினால் டயரும் கெடும், உயிருக்கும் ஆபத்து. பிறகு, உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். பெற்றுக்கொள்ளும் தாழ்ச்சியும் புண்ணியமே.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கட்டும். வழியில் நிற்பவனுக்கு நம் மனதிலும் இடம் இருக்கட்டும்.