வரைவேடும் வாய்மையும்

சென்ற ஆண்டு மேல்நிலைத் தேர்வு முடிந்த மறு வாரத்தில், முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். கோவை உக்கடத்தை அடுத்துப் பாத்திரக் கடை நடத்துபவர். மகளின் கையில் கெட்டி அட்டையிட்ட, கோடில்லாத ஏடு ஒன்று இருந்தது. ஸலாம் கூறி அமர்ந்ததும் தந்தை தொடங்கினார்: "ஹஜ்ரத், இவள் ஓவியக் கல்லூரியில் சேரவேண்டும் என்கிறாள். அதற்காக இந்தக் கோடை விடுமுறை முழுதும் நாள் தவறாமல் வரையப் போகிறாளாம். இது ஆகுமா, ஆகாதா என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்." ஆகாது என்னும் விடையை எதிர்பார்த்தே அவர் வந்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. பெண்ணோ தலை கவிழ்ந்து ஏட்டின் ஓரத்தை நகத்தால் வருடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தையில் முடியக்கூடிய செய்தியாக அது நமக்குத் தோன்றவில்லை.

ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கும் கல்லூரிகள் பலவற்றில் மதிப்பெண் பட்டியல் மட்டும் போதுவதில்லை. சிலவற்றில் தேர்வாளர் முன்னிலையில் அமர்ந்து வரைந்து காட்டவேண்டும். சிலவற்றில், மாணவர் தாம் வரைந்தவற்றுள் பத்தோ பதினைந்தோ இருபதோ தேர்ந்தெடுத்துத் தொகுப்பாக அடுக்கி முன்வைக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ என்று இளையோர் கூறுவது இதனையே. அத்தொகுப்பு ஒரு வாரத்தில் பிறந்துவிடாது. அதற்குப் பின்னே ஒரு வரைவேடு நின்றாக வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத ஏப்ரல், மே மாதங்களே அதற்கு வாய்த்த காலம்.

நாள்தோறும் வரைவது கை பழகுவதற்காக என்று பலரும் எண்ணுவர். கையைவிடக் கண்ணே மிகுதியாகப் பழகவேண்டியிருக்கிறது. எழுத்தணிக் கலையில் நமக்குச் சிறிது பழக்கம் உண்டு. அந்தத் துணிவில், நம் வீட்டுத் தரையிலிருந்த போசி ஒன்றை வரையுமாறு அப்பெண்ணிடம் சொன்னோம். (பாத்திரத்தைக் கொங்கு நாட்டார் போசி என்பர், பிற மாவட்டத்து வாசகர் மன்னிக்க.) வாயை நீள்வட்டமாக வரைய அவளுக்குத் தெரிந்திருந்தது. அடியையோ நேர்க்கோடாக இழுத்துவிட்டாள். தரையில் நிற்கும் பொருளின் அடி தட்டையாகத்தான் இருக்கும் என்று அறிவு சொல்லிற்று. கண்ணை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மேலிருந்து நோக்குவோருக்கு அடியின் விளிம்பு வாயின் விளிம்பைக் காட்டிலும் சற்று மிகுதியாகவே வளைந்து தோன்றுவது தெரிந்திருக்கும். தந்தையின் கடையில் ஆயிரம் போசிகளுக்கிடையே வளர்ந்தவள் அவள். இருந்தும் ஒன்றைக்கூட அன்றுவரை பார்த்ததில்லை என்று அவளே வியந்து சொன்னாள்.

உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைத் தீட்டுவதை முற்கால ஃபிக்ஹு அறிஞருள் பெரும்பாலார் தடுத்துள்ளனர். நிழல் விழும் சிலை வேறு, தாளில் அமையும் படம் வேறு என்று பிரித்தோரும் உளர். கல்வியின் பொருட்டு இடமளித்த பிற்காலத்தவரும் உளர். படம் வரைந்தே பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. எச்சரிக்கை செய்த நாவே பிழைப்புக்கு வழியும் காட்டிற்று என்பதைத் தந்தைக்கு எடுத்துரைத்தோம். "கல்லூரியில் மனித உருவம் வரையச் சொன்னால்?" என்று பெண் கேட்டாள். அது அன்றைக்கு எழும் கேள்வி; அப்போது உன் குடும்பம் நம்பும் ஆலிமைக் கேட்டு நட; இந்த இரண்டு மாதத்திற்கு மரமும் கட்டடமும் போசியும் ஏராளம் என்றோம்.

தந்தைக்கு அடுத்த கவலை பிழைப்பைப் பற்றியது. அதற்கு நம் ஊரிலேயே பிறந்த ஒருவரைச் சுட்டினோம். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையை இழந்த பின் குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1936-இல், 25 வயதளவில்தான் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராக நுழைந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. பின்னாளில் அங்கேயே முதல்வரானார் பணிக்கர். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் அவர் முயற்சியால் எழுந்தது. அங்குக் குடியேறியோர் துணியில் பத்திக் வேலை முதலான கைத்தொழில்கள் செய்து பொருளீட்டிக்கொண்டே வரைந்தார்கள். ஓவியம் மட்டுமே சோறு போடும் என்று அவர்களும் நம்பியிருக்கவில்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் எழுத்துப் போன்ற வடிவங்கள் பரப்பெங்கும் நிறைந்திருக்கும். படிக்கப் புகுந்தால் பொருள் கிட்டாது. அரபு எழுத்தணியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை. தந்தை இவற்றையெல்லாம் கேட்டு, "சரி, வரையட்டும்" என்று எழுந்தார். முழு மனத்தோடு அன்று.

மே மாதக் கடைசியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிய நாள்களில், இருவரும் மீண்டும் வந்தார்கள். ஏட்டில் 84 பக்கங்கள் நிறைந்திருந்தன. உக்கடம் பெரியகுளத்தின் கரை, தென்னைகள், கடையில் கவிழ்த்து அடுக்கிய போசிகள், ஒப்பணக்காரத் தெருவில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலின் மினாராக்கள். மினாராவை மட்டும் ஒன்பது முறை வரைந்திருந்தாள். முதல் நான்கில் அது சாய்ந்து நின்றது. தெருவோரம் நின்று வரைந்ததால் ஒரு பக்கத்தில் யாரோ சிந்திய தேநீரின் கறையும் இருந்தது.

ஒன்பதாவது மினாரா தனி அழகு. தொகுப்பிற்கென்று தேர்ந்த பன்னிரண்டில் அதுவே முதலில் இருந்தது. அதைச் சுட்டி அவள் சொன்னாள்: "ஹஜ்ரத், கோடு என்னுடையது. நிழலைப் பயிற்சி நிலையத்து ஆசிரியர் தம் கையால் போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறாராம். அடியில் என் பெயரை எழுதலாமா?" அத்துடன், வரைவேட்டையும் தேர்வாளர் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதால், கோணிய பக்கங்களைக் கிழித்துவிட்டு ஏட்டையே அழகாக மறுபடி எழுதிவிடுமாறும் அவளுக்கு அறிவுரை கிடைத்திருந்தது.

ஏப்ரலில் ஆகுமா என்று கேட்ட தந்தை இப்போது, "கோடு அவளுடையதுதானே ஹஜ்ரத், ஆசிரியர் திருத்துவது தவறா?" என்றார். மகள் வரைவதில் அவருக்கு இதற்குள் பெருமை வந்துவிட்டிருந்தது.

ஆசிரியர் திருத்துவது தவறாகாது. எழுத்தணிக் கலையில் மஷ்க் என்னும் பயிற்சிமுறை நூற்றாண்டுகளாக அவ்வாறே நடந்து வந்துள்ளது. உஸ்தாத் ஒரு வரி எழுதித் தருவார்; மாணவன் அதைப் பார்த்து எழுதுவான்; பிழைபட்ட எழுத்தின் அருகே உஸ்தாத் சரியான வடிவைத் தம் கையால் எழுதிக் காட்டுவார். பெரும்பாலும் அது சிவப்பு மையில் இருக்கும். எவரது கை எது என்பதில் பார்ப்போருக்கு ஐயமே எழாது. தேர்ச்சி பெற்றபின் மாணவன் எழுதிய தாளின் அடியில் உஸ்தாத் தம் பெயருடன் இஜாஸா எழுதித் தருவார். அங்கும் இரண்டு கைகள், இரண்டு பெயர்கள். நம் மாணவியின் மினாராவிலோ இரண்டு கைகள் இருந்தன. ஒரு பெயருக்கே இடம் விடப்பட்டிருந்தது.

பயிற்சித் தாள்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய எழுத்தணிக் கலைஞர்கள் தாளை வீணாக்காமல், எழுத்தின்மேல் எழுத்தாக, தலைகீழாகவும் குறுக்காகவும் எழுதிப் பழகுவர். தாளே கறுத்துப்போகும். பாரசீகர் அதை ஸியாஹ் மஷ்க் என்றனர். துருக்கியர் கரலமா என்றனர். 1258-இல் பக்தாத் வீழ்ந்தபோது யாகூத் அல்முஸ்தஃஸிமீ ஒரு மினாராவில் ஒளிந்து, தாள் இல்லாமையால் துணியில் எழுதிப் பழகினார் என்று ஒரு கதை வழங்குகிறது. யாருக்கும் காட்டுவதற்கென எழுதாத இத்தகைய தாள்களில் ஒரு தனி உயிர் இருப்பதைப் பின்வந்தோர் கண்டு, பொன்னோரம் கட்டிச் சேகரிக்கலாயினர். விளைந்தது என்ன? 19-ஆம் நூற்றாண்டு ஈரானில், பயிற்சித் தாள் போன்று தோன்றும்படியே, காட்சிக்கென்று திட்டமிட்டுப் பக்கங்களை எழுதத் தொடங்கினர். அவர்கள் கையொப்பமிட்டே எழுதினார்கள். அதில் வஞ்சனை இல்லை, அது புதிய கலையாகவே வளர்ந்தது. ஆனால் ஒருவர் தனிமையில் செய்வதைப் பிறர் பாராட்டத் தொடங்கியதும் தனிமையே மேடையாகிவிடுகிறது. ரியா என்னும் முகத்துதி இவ்வளவு மெல்லிய கால்களில் நடந்து வரும்.

வரைவேட்டைத் தேர்வாளர் கேட்பது, பிழைகளையும் அவற்றிலிருந்து மாணவர் ஏறிய படிகளையும் பார்ப்பதற்கே. சாய்ந்த நான்கு மினாராக்களைக் கிழித்துவிட்டால் ஒன்பதாவது எப்படி நிமிர்ந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போகும். தொகுப்பும் ஒரு சாட்சியம்தான். அதைக் கொண்டு ஓர் இடம் கொடுக்கப்படுகிறது. கல்லூரியில் இடங்கள் எண்ணப்பட்டவை. பல்லடத்திலோ பவானியிலோ தனியே அமர்ந்து, நிழல் போட்டுத் தர ஒருவருமின்றி வரைந்த இன்னொரு பிள்ளையின் இடம் நம் ஆசிரியரின் பென்சிலால் பறிபோகுமானால், அது ஹக்குல் இபாத். அந்தப் பிள்ளை பொறுத்துக்கொண்டாலன்றித் தீராத கடன். அந்தப் பிள்ளையின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

"எல்லாரும் அப்படிச் செய்யும்போது, செய்யாதவள் அல்லவா பின்தங்குவாள்?" என்றார் தந்தை. உண்மை. அதற்கு நம்மிடம் எளிய விடை இல்லை. பின்தங்கவும் கூடும் என்றே சொன்னோம். அத்தோடு, இதுவரை எவரிடமும் கூறாத ஒன்றைக் கூறினோம். நாம் மத்ரஸாவில் ஓதிய நாளில், ஆண்டு விழாவுக்கு அரபு எழுத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம். அதன் தலைப்பை, நம் கை நடுங்கியதால், மூத்த மாணவர் ஒருவர் அன்போடு எழுதித் தந்தார். பார்த்தவரெல்லாம் தலைப்பையே புகழ்ந்தார்கள். பரிசாகக் கிடைத்த கிதாபு இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அதை எடுத்துப் படித்த நாள்கள் மிகச் சில.

தந்தை வெகு நேரம் பேசவில்லை. பெண் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒன்பதாவது மினாராவின் அடியில், நிழல் ஆசிரியர் இட்டது என்று சிறிய எழுத்தில் எழுதினாள். பிறகு அதைத் தொகுப்பிலிருந்து உருவி வரைவேட்டின் நடுவே வைத்துவிட்டு, காலியான முதலிடத்திற்கு வேறொன்றைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாள். 61-ஆம் பக்கத்தில் கை நின்றது. தந்தையின் கடைப் போசி ஒன்று. வாய் சற்றே கோணியிருந்தது, அடி சரியாக வளைந்திருந்தது. "இது நம் கடையில் அடி நசுங்கி விற்காமல் கிடக்கிறதே, அதுதானே?" என்று கேட்டார் தந்தை. "இல்லை அத்தா, அது அடுத்த பக்கம்" என்றாள்.