ஓதற்பிரிவும் காத்திருப்பவரின் அறமும்

கற்கும் பருவமும் இல்லறமும் ஒருவரிடம் ஒரே காலத்தில் பொருந்துமா என்ற வினாவுக்கு வடமொழி அறநூல்கள் பொதுவாகத் தரும் விடை, பொருந்தாது என்பதே. ஆசிரமம் எனப்படும் நான்கு வாழ்நிலைகளில் குருவிடம் பயிலும் பிரமசரியம் முதலாவதாகவும், மணந்து வாழும் கிருகஸ்தம் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டு, முன்னது முடிந்த பிறகே பின்னது தொடங்கும் என்ற ஒழுங்கு வகுக்கப்பட்டது. மருத்துவம் பயில்வோரிடமும் இதே ஒழுங்கு எதிர்பார்க்கப்பட்டது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்னும் பகுதியில், மாணவனை ஏற்கும்போது ஆசிரியர் விதிக்கும் நெறிகளுள் பிரமசரியம் காத்தல், தாடி வளர்த்தல், வாய்மை, புலால் மறுத்தல் ஆகியவை வெளிப்படையாகவே இடம்பெறுகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சரகர் பெயரிலான உறுதிமொழியைப் பரிந்துரைத்ததும், மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் அதனை ஏற்றபோது சர்ச்சை மூண்டதும் பலரும் அறிந்தவை. அதே ஆண்டில் நீட் தேர்வின் மேல்வயது வரம்பு முறைப்படி நீக்கப்பட்டு, மணம் முடித்துப் பிள்ளை பெற்றவரும் முதலாண்டு வகுப்பில் அமர வழி திறந்தது. சரகரின் பெயரை மீட்ட ஆண்டே, சரகர் எண்ணிப்பாராத மாணவரையும் உள்ளே அழைத்தது என்பது ஒரு வேடிக்கை.

தமிழ் மரபு இவ்வினாவை வேறிடத்திலிருந்து அணுகியது. தொல்காப்பியம் கல்விக்காகப் பிரிவதை ஓதற்பிரிவு என்று பெயரிட்டு, துறவின் பக்கம் தள்ளாமல், அகத்திணைக்குள்ளேயே, அதாவது தலைவனும் தலைவியும் கொண்ட அன்பின் ஒழுக்கத்துக்குள்ளேயே வைக்கிறது. பிரிதல் பாலைக்கு உரிப்பொருள். பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். ஆகவே கற்கச் சென்றவரின் செயல் மட்டுமன்றி, வீட்டில் இருப்பவரின் இருத்தலும் ஓர் ஒழுக்கமாகவே எண்ணப்பட்டது. அதனினும் கருதத்தக்கது, அந்நூலின் கற்பியல் என்னும் பகுதி இடும் கால வரம்பு: கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடக்கலாகாது, வேந்தனின் பணிக்கான பிரிவு ஓராண்டுக்குள் அடங்கவேண்டும். வரம்பு என்பது ஒருவர் மற்றொருவர்மேல் கொண்ட உரிமையின் அளவு. எனவே கல்வி எவ்வளவு உயர்ந்ததாயினும் காத்திருப்பவரின் ஆயுளை எல்லையின்றிக் கேட்கும் உரிமை அதற்கு இல்லை என்பது இவ்விதியின் உட்கிடை எனக் கொள்ளலாம். (ஓதலை உயர்ந்தோருக்கே உரியதாக்கிய அதே இலக்கணத்தின் குறுகலையும் மறப்பதற்கில்லை.)

இவ்விதியைத் தமிழகத்தின் வட எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரில் வைத்துப் பார்த்தால் அதன் போதாமையும் தெரியும். அங்குள்ள ஆலையொன்றில் முறைப்பணி செய்யும் கணவனுக்கு, திருப்பதியில் 2014-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மனைவி இருப்பதாகக் கொண்டால், பிரிபவள் தலைவி, ஆற்றியிருப்பவன் தலைவன்; இலக்கணம் இந்தத் தலைமாற்றத்துக்கு இடம் வைக்கவில்லை. படிப்போ நாலரை ஆண்டும் பயிற்சி ஓராண்டுமாக நீள்கிறது. 2023-ஆம் ஆண்டு மருத்துவக் கல்வி விதிமுறைகள் முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகள், முழுப் படிப்புக்கு ஒன்பது ஆண்டுகள் என வரம்பிட்டாலும், அவை தேர்வின் ஒழுங்கை எண்ணியவையே அன்றி வீட்டில் இருப்பவரை எண்ணியவை அல்ல.

முதலாண்டின் இயல்பும் பிரிவை ஆழமாக்குகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றனுள் முதலாவது, பார்மலினில் பதப்படுத்திய மனித உடலை அறுத்துக் கற்கும் பாடம். பிணம் தொட்டவர் தலைமுழுகிய பின்னரே வீட்டுக்குள் நுழையும் வழக்கமுடைய குடும்பத்தில், நாள்தோறும் பிணம் தொட்டு வருபவரைத் தீட்டு என்ற கருத்தோடு எங்ஙனம் ஏற்பது? கற்பதற்கென்றே தானமாக அளிக்கப்பட்ட உடலைத் தீட்டின் கணக்கில் சேர்ப்பது தானத்தையே சிறுமைப்படுத்துவதாகும் என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. எனினும் தீட்டைக் கைவிட்ட பிறகும் ஒன்று எஞ்சுகிறது: உடலின் நிலையாமையை ஒருவர் கையால் அறிந்து திரும்ப, மற்றவர் அதைச் சொல்லக் கேட்டு மட்டுமே அறிகிறார்.

காத்திருத்தலைப் போற்றும் கதைகளுள் அறிஞர் அடிக்கடி நினைப்பது வாசஸ்பதி மிச்ரரின் கதை. சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்கு அவர் எழுதிய உரை பாமதி எனப்படுகிறது. எழுத்தில் மூழ்கிய கணவனுக்கு ஆண்டுக்கணக்கில் தொண்டு செய்த மனைவியின் பெயரே அது என்பது மரபு. நன்றி பெரிதுதான், ஆனால் அவளுடைய ஒப்புதலை எவரேனும் கேட்டதாகக் கதை சொல்வதில்லை. தவம் என்பது தானே மேற்கொள்ளும்போதுதான் தவமாகிறது. பிறர் சுமத்தினால் அது வெறும் இழப்பு.

இதற்கு மாறான வடிவம் அத்திருப்பதிக் கல்லூரி தாங்கும் பெயரிலேயே உள்ளது. வேங்கடவன் மலைமேல் நிற்க, தாயார் பத்மாவதி அடிவாரத்தில் திருச்சானூரில் தனிக் கோயில் கொண்டிருக்கிறாள். அவளுக்கென்று தனிப் பூசையும், தனிப் பிரம்மோற்சவமும், தனித் திருக்குளமும் உண்டு. பிரிந்திருத்தல் அவளை மலையின் நிழலாக்கவில்லை. கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவில் பஞ்சமி தீர்த்தத்தன்று, திருமலையிலிருந்து சேலையும் மஞ்சளும் குங்குமமும் சீராக இறங்கி வருகின்றன. ஆண்டுதோறும் சீர் அனுப்பும் கடன் மேலே இருப்பவருடையதாகவே அங்கு வைக்கப்பட்டிருக்கிறது.